சாளரத்தருகே சாருலதை

பேசும்படத்தைக் கண்ணாற் காண்பார் பலர். காதாற் கேட்டு ஆராய்வார் மிகச் சிலரே. ஒரு காட்சியில் ஆணும் பெண்ணும் எந்நிலையில் வைக்கப்பெற்றுள்ளனர் என்பதை உணர்த்துவதில் உரையாடலினும் ஓசை வல்லது. சத்தியஜித் ராய் 1964-ஆம் ஆண்டில் இயக்கிய 'சாருலதா' என்னும் வங்காளிப் படத்தின் தொடக்கக் காட்சியைக் கொண்டு இதனை ஒருவாறு விளக்குவாம். 'சிதைந்த கூடு' எனப் பொருள்படும் பெயருடன் தாகூர் 1901-இல் எழுதிய கதையைத் தழுவியது அப்படம். கதை நிகழ்வது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்கத்தாவிலுள்ள ஒரு செல்வர் மாளிகையில்.

சாருலதை கணவனுக்கென்று கைக்குட்டையில் எழுத்து வேலை செய்துகொண்டிருக்கின்றாள். கடிகாரம் ஒலிக்க, ஏவலாளனை அழைத்துக் கணவனுக்குத் தேநீர் கொண்டுசெல்லப் பணிக்கின்றாள். அதன்பின் நெடுநேரம் உரையாடலே இல்லை. தெருவில் குரங்காட்டியின் உடுக்கையொலி எழுகின்றது. அவள் நாடகக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சாளரத்துக்குச் சாளரம் ஓடி, குரங்காட்டியையும், பல்லக்குச் சுமப்போரையும், குடை பிடித்துச் செல்லும் பருத்த மனிதர் ஒருவரையும் கண்டு மகிழ்கின்றாள்.

ஈண்டு நோக்கத்தக்கது யாது? தெருவின் ஓசை தடையின்றி வீட்டினுட் புகுகின்றது. வீட்டிலுள்ளவளோ தெருவிற் புக இயலாள். புறவுலகம் அவளுக்கு ஓசையாகவும், பலகணி இடுக்கில் தோன்றும் துண்டுக் காட்சியாகவுமே கிட்டுகின்றது. எனினும், படங்களிற் பெரும்பாலும் பார்க்கப்படும் பொருளாகவே நிற்கும் பெண், இங்கே பார்ப்பவளாக இருக்கின்றாள். இஃது ஆசிரியர் அவளுக்கு அளித்த பெருமையாம்.

பின்னர்க் காலடியோசை அணுகுகின்றது. கணவன் பூபதி கையிலுள்ள நூலில் ஆழ்ந்தவனாய் அவளைக் காணாமலே கடந்து செல்கின்றான். தெருவைப் பார்த்த அதே கண்ணாடியால் அவள் அவனையும் பார்க்கின்றாள். வழிப்போக்கருள் அவனும் ஒருவனாயினன்! நாட்டின் உரிமை குறித்துச் செய்தித்தாள் நடத்துபவன் அவன், தீயவனல்லன், தன் வீட்டு மௌனத்தைக் கேளாதவன், அவ்வளவே.

முதன்முறை இக்காட்சியைக் கண்டபோது, 'ஒருவரும் பேசவில்லையே, கதை எப்பொழுது தொடங்கும்?' என்று யாம் சலித்தோம். மறுமுறை செவிகொடுத்துக் கேட்டபொழுதே, பூபதியைப் போல யாமும் அவளைக் கடந்து சென்றமை விளங்கிற்று. நூலும் கையுமாய் நாம் வீட்டினுள் நடக்குங்கால், அடுக்களையிற் பாத்திரவோசை கேட்கின்றது. அவ்வோசைக்குரியாரின் மௌனம் நம் செவிக்கு எட்டியதுண்டோ?