நீர் தேங்கிய நிலத்தில் உரம் பயன்படாததேன்?

பெருமழைக்குப் பின் நீர் வடியாத புன்செய் நிலங்களில் மிளகாய், பருத்தி, துவரை முதலிய பயிர்கள் வெளிறி நிற்பதுண்டு. சத்துக் குறைவே காரணமென்று கருதி, நீர் வடியுமுன்னரே மேலுரம் இடுவோர் பலர். அவ்வுரத்தில் பெரும்பகுதி வீணாகிறது. ஏனென்பதை அறிவதற்கு, டைநைட்ரோபீனால் என்னும் மஞ்சள் நிற இரசாயனப் பொருளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி பெரிதும் உதவிற்று.

விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல வேர் சத்தை ஈர்க்கிறதென்று எண்ணுதல் பொருந்தாது. வேரின் ஜீவாணு ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. பொட்டாஷ் போன்ற உப்புகள் சவ்வுக்கு வெளியே மண்ணீரில் சிறிதளவும், உள்ளே பன்மடங்கு மிகுதியாகவும் இருக்கின்றன. குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு உப்பை ஏற்றுவதற்குச் சக்தி வேண்டும். அச்சக்தியை வேர் தன் சுவாசத்தினால் பெறுகிறது.

கலிபோர்னியாவில் ஹோக்லண்டு, பிராயர் என்போர் வாற்கோதுமை வேர்களை உப்புக் கரைசலில் இட்டுச் சோதித்து, 1936இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்றுச் செலுத்திய கரைசலில் வேர்கள் உப்பை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டன. பிராணவாயு இல்லாதபோது அச்சேர்க்கை குன்றிற்று.

1951இல் ஆஸ்திரேலியாவில் இராபர்ட்சன், வில்கின்ஸ், வீக்ஸ் ஆகியோர் காரட் கிழங்குத் துண்டுகளில் டைநைட்ரோபீனாலின் விளைவை ஆராய்ந்தனர். சுவாசம் நிற்கவில்லை, முன்னிலும் விரைந்து நடந்தது. ஆயினும் உப்புச் சேர்க்கை தடைப்பட்டது. ஆகவே சுவாசம் நிகழ்வது மட்டும் போதாது. அதன் சக்தி உப்பை ஏற்றும் வேலைக்கு வந்து சேரவும் வேண்டும் என்பது விளங்கிற்று.

ஸ்காட்லாந்தில் பீட்டர் மிட்செல் 1961இல் வெளியிட்ட கொள்கை இதன் காரணத்தைக் காட்டிற்று. சுவாசம் ஜீவாணுவின் உட்சவ்வுகளில் ஹைட்ரஜன் அயனிகளை ஒருபுறம் தேக்கி வைக்கிறது. அவை திரும்பிப் பாயும் விசையினால் சக்திப்பொருள் உண்டாகிறது. டைநைட்ரோபீனாலோ அவற்றைச் சவ்வின் வழியே கசியவிடுகிறது. சக்தி வெப்பமாக வீணாகிறது. மாடுகள் விரைந்து நடப்பினும், கிழிந்த சாலில் நீர் மேலேறாததை இதற்கு ஒப்பிடலாம்.

நீர் தேங்கிய நிலத்தில் சால் கிழிவதில்லை, மாடே நின்றுவிடுகிறது. மண்ணின் துளைகளிலுள்ள காற்றை நீர் வெளியேற்றுவதால் வேரின் சுவாசம் தளர்கிறது. அருகில் சத்து இருந்தும் வேரால் அதனை ஏற்றிக்கொள்ள இயலாது. இட்ட தழைச்சத்திலும் ஒரு பகுதி வாயுவாக மாறியும் நீரோடு கழிந்தும் போகும். நெற்பயிரோ தண்டிலும் வேரிலுமுள்ள காற்றறைகளால் இதனைத் தாங்குகிறது.

ஆகையால் புன்செய்ப் பயிர்களுக்கு முதலில் நீரை வடித்தல் வேண்டும். மண் பதத்திற்கு வந்தபின் இலேசாகக் கொத்திக் காற்றோட்டம் உண்டாக்கி, அதன் பின்னரே மேலுரம் இடுதல் வேண்டும். வடிகால்களை ஐப்பசி மழைக்கு முன்பே தூர் வாருவிப்பதில் கிராம அதிகாரிகள் கருத்தூன்றுதல் நலம். டைநைட்ரோபீனால் மனிதருக்கும் கால்நடைக்கும் கொடிய நஞ்சு. ஆராய்ச்சிச் சாலையில் அது கற்பித்த பாடமே குடியானவருக்குரியது, அப்பொருளன்று.