பச்சையா, சிவப்பா? காடிக்கு ஏற்ற கூலண்ட்

விடுமுறை முடிந்து பெந்தோங்கிலிருந்து பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கெந்திங் செம்பா ஏற்றத்தில் எங்கள் பழைய காடியின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தியதும், பதற்றத்தில் அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். பீறிட்ட கொதிநீரில் அவருடைய வலக்கை வெந்துபோனது. இரண்டு வாரம் அவரால் வேலைக்குச் செல்ல முடியவில்லை.

பட்டறையில் ரேடியேட்டரிலிருந்து வடிந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. காடியை வாங்கிய நாள் முதல் நாங்கள் ஊற்றியது குழாய்த் தண்ணீர்தான். “நம் நாட்டில் பனியா கொட்டுகிறது? தண்ணீர் போதாதா?” என்று நீங்களும் கேட்கலாம். போதாது, நண்பர்களே!

கூலண்டின் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் எத்திலீன் கிளைகோல். அதைத் தண்ணீருடன் சரிபாதி கலந்தால் கொதிநிலை ஏறக்குறைய 106 பாகை செல்சியசுக்கு உயரும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை மேலும் உயர்த்தும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் சட்டென்று குறைகிறது. உள்ளிருக்கும் நீர் உடனே கொதித்துச் சீறுகிறது. அப்பாவின் கையைச் சுட்டது இதுதான்.

கூலண்டில் துருத்தடுப்பான்களும் உண்டு. வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும்.

சரி, எதை வாங்குவது? நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயமே. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். காடியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகையையே வாங்குங்கள். பழைய கனிம வகையை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கரிம அமில வகை பொதுவாக ஐந்து ஆண்டு வரை தாங்கும். வகைகளைக் கலந்தால் துருத்தடுக்கும் ஆற்றல் குறையும். சில வேளைகளில் கூழாகவும் திரளும். பழைய காடியில் முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று நமக்குத் தெரியாது. எனவே, மேலே ஊற்றி நிரப்பாமல் முழுவதையும் மாற்றுவதே நல்லது.

மாற்றும் முறை இதுதான்:

1. இயந்திரம் முழுமையாக ஆறிய பிறகே மூடியைத் திறக்கவும்.
2. ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, பழையதை வாளியில் பிடிக்கவும்.
3. தெளிவாக வடியும்வரை தண்ணீரால் அலசவும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.
4. திருகை மூடிப் புதிய கூலண்டை மெதுவாக ஊற்றவும். செறிவான வகை என்றால் காய்ச்சி வடித்த நீருடன் கலக்கவும். ‘கலந்தது’ என்று எழுதியிருந்தால் அப்படியே ஊற்றவும்.
5. மூடியைப் போடாமல் இயந்திரத்தை முடுக்கி, காற்றுக்குமிழிகள் அடங்கும்வரை விடவும். மட்டம் இறங்கினால் நிரப்பி மூடவும். துணைத் தொட்டியிலும் குறித்த அளவுவரை ஊற்றவும்.

வடித்த கூலண்டைக் கால்வாயில் கொட்டாதீர்கள். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் பூனையும் நக்கினால் இறந்துவிடக்கூடும். கலனில் அடைத்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

அப்பாவின் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஞாயிறு காலையில், இயந்திரத்தை முடுக்கும் முன், நானும் அவரும் துணைத் தொட்டியின் அளவைப் பார்க்கிறோம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. வருமுன் காப்போம்!