காதால் கேட்டதும் சான்றாகும்: காட்டின் குரலைப் பதிவு செய்யும் கலை

புது தில்லி: 1900-ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்ட ஒரு பறவை, 1986 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. அறிவியலாளர்கள் ஜெர்டான் கோர்சர் என்றும், அப்பகுதி மக்கள் தெலுங்கில் கலிவிக்கோடி என்றும் அழைக்கும் அப்பறவை, இரவில் புதர்க்காட்டில் இரை தேடுவது. அது எங்கெங்கு வாழ்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிவது மிகக் கடினம்.

ஆய்வாளர் ப. ஜெகநாதன் உள்ளிட்டோர் அதன் குரலை முதன்முறையாகப் பதிவு செய்து 2004-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். பொழுது சாய்ந்த பின் சிறிது நேரமே ஒலிக்கும் அக்குரலும், மண்ணில் பதியும் காலடித் தடமும், தானியங்கிக் கேமராவும் சேர்ந்துதான் அதன் இருப்பிடங்களை வரையறுக்க உதவின. 2005-இல் சென்னைக்குக் குடிநீர் தரும் தெலுங்கு கங்கைக் கால்வாயின் பணிகள் அதன் வாழிடத்திற்குள் நுழைந்தபோது, பறவையின் பக்கம் நின்று வாதிட இத்தரவுகள் கையில் இருந்தன. பின்னர் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் மீண்டும் மறைந்திருந்த பறவை, 2025 ஆகஸ்டில் பறவை ஆர்வலர்களுக்குத் தென்பட்டதும் உருவமாக அல்ல, ஒலிநாடாவுக்கு மாற்றாக வந்துவிட்ட டிஜிட்டல் கருவியில் பதிந்த குரலாகவே.

இயற்கை ஒலியைப் பதிவு செய்வது பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, சான்று திரட்டும் பணியாகிவிட்டது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2009-இல் மேற்கு அருணாசலப் பிரதேசத்தில், ஒரே இனமாகக் கருதப்பட்ட பூங்குருவிகள், ஊசியிலைக் காட்டில் இனிமையாகவும் மரங்கள் முடியும் உயரத்திற்கு மேல் கரகரப்பாகவும் பாடுவதை ஆய்வாளர்கள் கவனித்தனர். அந்த வேறுபாட்டைத் தொடர்ந்து சென்றதன் பயனாக, சாலிம் அலியின் பெயர் தாங்கிய இமயமலைக் காட்டுப் பூங்குருவி 2016-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 2017-இல் ஏழு புதிய இரவுத் தவளை இனங்களை விவரித்தபோதும், மரபணு, உடலமைப்பு ஆகியவற்றுடன் குரலும் ஒப்பிடப்பட்டது.

கருவியைவிட நெருக்கம் முக்கியம்

விலை உயர்ந்த கருவி இருந்தால் போதும் என்பது புதியவர்களின் பொதுவான எண்ணம். ஆனால் திறந்தவெளியில் ஒலி மூலத்திற்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலியழுத்தம் இரு மடங்காகும். எனவே, உயிரினத்தைக் கலைக்காமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதே முதல் பாடம். நெருங்க இயலாத இடத்தில், ஒரு திசை ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் நீண்ட மைக் உதவும். பரவளையக் கிண்ணத்தின் நடுவில் பொருத்திய மைக் தொலைவிலுள்ள பறவையின் மெல்லிய குரலையும் திரட்டித் தரும். ஆனால் ஆந்தையின் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு அதனால் பெரும் பயன் இல்லை.

இரண்டாவது எதிரி காற்று. மெல்லிய காற்றும் மைக்கில் மோதி இரைச்சலாகும் என்பதால், அடர்ந்த மயிருள்ள உறை கட்டாயம். சரசரக்கும் மழைச்சட்டை, செருப்பின் ஓசை, ஏன், பதிவு செய்பவரின் மூச்சும் பதிவாகிவிடும். அதிகாலையில் காற்றும் போக்குவரத்தும் குறைவு. பறவைகள் மிகுதியாகப் பாடுவதும் அப்போதுதான்.

ஒலியளவு அளவுகோலின் உச்சியைத் தொட்டால் குரல் சிதைந்துவிடும். பின்னர் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க இயலாது. உச்சத்திற்குச் சுமார் 12 டெசிபல் கீழே நிறுத்துவது பாதுகாப்பானது. கோப்பின் அளவைச் சுருக்கும் எம்.பி.3 முறை நுண்விவரங்களை நீக்கிவிடுவதால், வேவ் வடிவமே ஆய்வுக்கு ஏற்றது. பறவைகளுக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள் போதும். மனிதச் செவிக்கு எட்டாத வௌவால் ஒலிகளுக்கு அதைப் போல் பல மடங்கு தேவை.

குறிப்பில்லாப் பதிவு வீண்

பதிவின் இறுதியில் நாள், நேரம், இடம், வானிலை, உயிரினத்தைக் கண்ணால் கண்டதா, குரலை மட்டும் கேட்டதா ஆகியவற்றைப் பதிவாளர் தம் குரலிலேயே சொல்லி முடிப்பது வழக்கம். இந்த அரை நிமிடம் இல்லாவிட்டால், மிகத் தெளிவான பதிவும் சான்றாக நிற்காது. 2005-இல் தொடங்கிய, நெதர்லாந்தைத் தளமாகக் கொண்ட சீனோ-கேன்டோ, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மெக்காலே நூலகம் ஆகியவற்றில் இந்தியப் பதிவாளர்கள் பலர் தம் பதிவுகளைச் சேர்க்கின்றனர். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் கணினி நிரல்கள் இத்தகைய தொகுப்புகளிலிருந்தே கற்கின்றன. பெயர் பிழையான பதிவு, அவற்றுக்குப் பிழையையே கற்பிக்கும்.

ஒழுக்க நெறியும் உண்டு. பதிவு செய்த குரலைத் திரும்ப ஒலிக்கச் செய்து பறவையை வரவழைப்பது எளிது. ஆனால் அதை எதிரியின் அறைகூவலாகக் கருதும் பறவை, இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டுப் பதில் சொல்ல வரும். இனப்பெருக்கக் காலத்திலும், அரிய இனங்களிடத்தும் இதைத் தவிர்க்க வேண்டும். சரணாலயங்களில் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறுவதும் அவசியம்.

மழைக்காலத்தின் மௌனம்

இப்பயிற்சி பரவலாக வேண்டியதற்கு அரசியல் காரணமும் இருக்கிறது. அணை, சுரங்கம், சாலை போன்றவற்றுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடைபெறுகிறது. பல வகைத் திட்டங்களுக்கு, மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவே போதும் என்பது நடைமுறை. ஆனால் தவளைகளில் பெரும்பாலானவை குரல் கொடுப்பது மழைக்காலத்தில்தான். மதிப்பீட்டாளர் செல்லும் வேளையில் மௌனமாக இருக்கும் உயிரினம், அறிக்கையிலும் இல்லாததாகிவிடுகிறது.

உள்ளங்கையில் அடங்கும் ஆடியோமாத் போன்ற தானியங்கிக் கருவிகளை மரத்தில் கட்டிவிட்டால், ஆளில்லாமலே பல இரவுகளைப் பதிவு செய்யலாம். வனக்காவலர்களும் மலைக்கிராம இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் இதைச் சில வாரங்களில் பழகிக்கொள்ள முடியும். ஒரு காட்டைப் பற்றிய முடிவு தலைநகரின் கோப்புகளில் எழுதப்படும் முன், அக்காட்டின் மழைக்கால இரவு ஒன்றையேனும் நாளும் நேரமும் குறித்த பதிவாக மேசை மீது வைக்க முடிந்தால், அங்கே எதுவும் இல்லை என்று எழுதுவது அத்தனை எளிதாக இராது.