நீலக்கால் நண்டின் ஓடு
மன்னார் வளைகுடாவில் பிடிபடும் நண்டு இது. ஆணுக்குத்தான் இந்த அழகான நீலம். பெண் பழுப்புப் பச்சை.

நீலத்துக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறமி. பாசியில் தொடங்கும் உணவுச் சங்கிலி வழியாக நண்டுக்குக் கிடைக்கிறது. ஓட்டிலுள்ள புரதம் அதை இறுகப் பற்றும்போது நிறமி உறிஞ்சும் ஒளி மாறுகிறது, நமக்கு நீலம் தெரிகிறது. கொதிக்கும் குழம்பில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளிப்பட்டுவிடும்.

இப்போது நுண்ணோக்கிப் படத்துக்கு வாருங்கள். மேலே மெல்லிய மெழுகுப் படலம், அதன் கீழ் கைட்டின் என்னும் பொருளாலான இழைகளின் அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதிலிருந்து சற்றே திரும்பியிருக்கிறது. 180 பாகை திரும்பி முடியும் இடமெல்லாம் ஒரு வரி. இந்த முறுக்கமைப்பை 1972இல் விரிவாக விளக்கியவர் பிரெஞ்சு உயிரியலாளர் இவ் பூலிகான். விரிசல் விழுந்தால் அது நேராக ஓட முடியாது. இழைகளோடு திருகித் திருகி வலுவிழந்துவிடும். அற்புதமான ஏற்பாடு!

செங்குத்தாகத் தெரிபவை நுண்குழல்கள். சட்டை உரித்த நண்டின் மெத்தென்ற புது ஓட்டுக்கு, கீழுள்ள தோல் செல்களிலிருந்து கால்சியம் இவற்றின் வழியே ஏறி, கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து இறுகுகிறது.

தட்டிலுள்ள காலைத் தொட்டு மடக்கிப் பாருங்கள். மூட்டுச் சவ்வில் அந்தச் சுண்ணம் படிவதில்லை, அதனால்தான் வளைகிறது.