அந்த வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?

பி.எட். படிப்பவர்களிடம் கேட்டால், தேர்வைவிட ரெக்கார்டு நோட்டுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார்கள். 2015 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளிகளில்தான்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நடத்தும் பாடத்துக்கெல்லாம் அந்த நோட்டில் பாடக்குறிப்பு, அதாவது 'லெசன் பிளான்' எழுதியாக வேண்டும். கற்றல் விளைவு, முன்னறிவு, ஆர்வமூட்டல், துணைக்கருவி, வலுவூட்டல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். சீனியரின் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதுவது வெகுநாள் வழக்கம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் அதற்கும் அவசியமில்லாமல் போயிற்று. வகுப்பையும் பாடத்தையும் சொன்னால் கட்டங்கள் தாமே நிரம்பிவிடுகின்றன.

இதில் சொந்த உழைப்பு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஒரு வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆனால் ஒப்படைப்புகள், வகுப்புப் பணிகள் போன்றவற்றை அதே விதிகள் கணக்கிலிருந்து விலக்கிவிடுகின்றன. அது நல்லதுதான். பாடநூல் ஒன்று, கட்டங்களின் தலைப்புகள் ஒன்று, பயிற்சிக் கணக்குகளும் ஒன்று. நேர்மையாக எழுதிய இரண்டு பாடக்குறிப்புகளே பாதிக்குப் பாதி ஒத்துப்போகும்.

தமிழுக்கு வேறு சிக்கல்களும் உண்டு. கையால் எழுதிய நோட்டை, ஒப்புமை பார்க்கும் மென்பொருள்களிடம் நேரடியாகக் கொடுக்க முடியாது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைக் கணினி ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே பார்க்கும். ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்த்திருந்தாலோ, சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கருவிக்கு ஒன்றும் தட்டுப்படாது.

செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கருவிகளை நம்பலாமா? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக இயந்திரத்தின் கணக்கில் எழுதியது. ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்படியொரு கருவியின் பேச்சைக் கேட்டு ஒரு பயிற்சி ஆசிரியரைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

அதனால் தேட வேண்டியது வேறொன்றை: அந்த வகுப்புப் பிள்ளைகள் அந்தக் குறிப்பில் இருக்கிறார்களா என்பதை.

ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு வருகிறது. எங்கிருந்தோ எடுத்த குறிப்பில் வளையலும் சக்கரமும் இருக்கும். தவறில்லை. ஆனால் பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு திருப்பூர்ப் பள்ளியில், பெற்றோர் கட்டிங்கிலோ செக்கிங்கிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் 'ஜிஎஸ்எம்' என்ற சொல்லை வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. அதைப் பார்க்க வட்டமான ஒரு கட்டர் இருக்கிறது. ரப்பர் அட்டைமேல் துணியை விரித்து, கட்டரை வைத்து அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துண்டு வெட்டுப்படும். அதன் பரப்பு சரியாக 100 சதுர செ.மீ. தராசில் 1.6 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி, 160 ஜிஎஸ்எம் என்கிறார்கள். ஏன் நூறால்? ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. இருப்பதால். அப்படியானால் கட்டரின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும்? சுமார் 5.64 செ.மீ. என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம். வட்டப் பரப்பும் அலகு மாற்றமும் ஒரே துண்டுத் துணியில் வந்துவிடுகின்றன.

'திருப்பூருக்கு ஏற்றபடி எழுது' என்றால் இதையும் இயந்திரம் எழுதித் தரலாம். ஆகவே தாளோடு சோதனையை முடித்துக்கொள்ளக் கூடாது. எழுதியவரோடு பேச வேண்டும். இந்தக் கேள்வியை ஏன் முதலில் வைத்தீர்கள்? எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று நினைத்தீர்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூர் வகுப்புகளில் இருக்கிறார்கள். 'மாணவர்கள் பத்தியை வாசிப்பர்' என்று குறிப்பு சொல்கிறது. தமிழ் எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளை அப்போது என்ன செய்யும்? வகுப்பைப் பார்த்து எழுதியவரிடம் இதற்கு ஏதாவது ஒரு பதில் இருக்கும், அது தப்பும் தவறுமாக இருந்தாலும்.

அடுத்தவர் குறிப்பை எடுப்பதே பாவம் என்று பயமுறுத்தவும் தேவையில்லை. ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் இருந்து கவனித்து, பிறகு சேர்ந்து திருத்துகிறார்கள். அங்கே பாடக்குறிப்பு பொதுச்சொத்து. இங்கும் எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டு, எதை, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் ஒளித்து எழுதும் தேவையே இருக்காது.

எல்லா நோட்டுகளையும் இப்படிப் பார்க்க மேற்பார்வையாளருக்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஒருவருக்கு இரண்டு பாடக்குறிப்புகளை மட்டும் எடுத்து, பத்து நிமிடம் பேசினால் போதும். பாடம் நடத்திய அன்றே அடித்துத் திருத்திய பக்கங்களை அப்படியே ரெக்கார்டில் வைக்கச் சொல்லி, அந்தத் திருத்தங்களுக்கும் மதிப்பெண் தரலாம். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் படிப்பு முடியும் நேரத்தில் மொத்த நோட்டையும் திரும்ப எழுதும் வேலையும் அதோடு குறையும்.