கேட்கப்படாத ஓசை



யாப்பிலக்கணம் கற்பிப்போர் ஓசையிலிருந்தே தொடங்குவர். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. ஆண்டுதோறும் இதனை நான் வகுப்பிலே சொல்லி வருகிறேன். ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் பாடலொன்றைக் கேட்கத் தந்தபோது, அரை நிமிடத்திலேயே "இது வெறும் இரைச்சல், தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். அந்த மௌனம் என்னை உறுத்தியது. பின்னர் அக்குழுவின் இசைத்தட்டுகளை, ஒரு கவிஞனின் தொகுதிகளை வாசிப்பது போல, வெளிவந்த வரிசையிலேயே கேட்டேன்.

குழுவின் பெயர் 'த சவுண்ட்'. தமிழிலே 'ஓசை' எனலாம். 1976, 77 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'பங்க்' என்ற இசை எழுந்தது. குறுகிய பாடல், கடும் வேகம், வெளிப்படையான கோபம் என்பன அதன் இயல்புகள். அந்த வேகம் தணிந்தபோது, கோபத்தை உள்முகமாகத் திருப்பிப் புதிய ஒலிகளைத் தேடியவர்களின் இசையே 'போஸ்ட் பங்க்' எனப்பட்டது. அவ்வகையில் மன்செஸ்ரரின் 'ஜோய் டிவிஷன்', லிவர்பூலின் 'எக்கோ அன்ட் த பனிமென்' ஆகியன பெரும் புகழ் பெற்றன. தென் இலண்டனில் 1979 இல், எட்றியன் போர்லண்ட் என்ற பாடகரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய த சவுண்ட் திறமையில் அவற்றுக்குக் குறைந்ததன்று. ஆனால் புகழ் அதன் வாசலுக்கு வரவில்லை.

முதல் இசைத்தட்டான 'ஜெப்பர்டி' 1980 இல் மிகக் குறைந்த செலவிலே பதிவானது. கிற்றார் ஒலி கூர்மையானது, பூச்சு எதுவுமில்லை. அணு ஆயுதப் போட்டியின் அச்சத்தை 'மிசைல்ஸ்' என்ற பாடல் நேருக்கு நேர் பேசுகிறது. 1981 இல் வந்த 'புறொம் த லயன்ஸ் மவுத்' வேறு தன்மையது. விசைப்பலகை இசை விரிந்து, பாடலுக்குள் வெளியும் ஆழமும் உண்டாகின்றன. அதன் முகப்பிலே சிங்கக் குகையில் நிற்கும் தானியேலின் ஓவியம் உள்ளது.

விமர்சகர் பாராட்டினர், விற்பனை உயரவில்லை. சந்தைக்கேற்ற பாட்டுகளைத் தருமாறு இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. குழுவினர் 1982 இல் கொடுத்த பதில் 'ஓல் போல் டவுன்'. முன்னையவற்றிலும் கடினமான, இருண்ட, எளிதில் வசப்படாத இசை அது. நிறுவனத்துடனான உறவு அத்துடன் முறிந்தது. அவர்கள் ஓயவில்லை. 1984, 85 ஆம் ஆண்டுப் பதிவுகளில் காற்றுக் கருவிகள் சேர்கின்றன. ஒளியும் சற்றே படர்கிறது. ஒல்லாந்திலே அவர்களுக்கு அன்பான இரசிகர் கூட்டம் இருந்தது. 1987 இல் 'தண்டர் அப்' வெளிவந்தது. அடுத்த ஆண்டில் குழு கலைந்தது.

மனநோயோடு நெடுங்காலம் போராடிய போர்லண்ட், 1999 ஏப்ரல் 26 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 41. இன்று எனக்கும் ஏறத்தாழ அதே வயது. இரண்டாவது இசைத்தட்டிலுள்ள 'வின்னிங்' என்ற பாடல், மூழ்காமல் கரையேற உறுதிகொண்ட ஒருவனுடையது. அவர் முடிவை அறிந்தபின் அதனைக் கேட்பது கடினம். ஆயினும் அந்த முடிவைக் கொண்டு அவர் இசை முழுவதையும் அளப்பது அநீதியாகும். வாழ முயன்ற ஆண்டுகளின் பதிவே அந்த இசை.

அவர் மறைந்தபின் இசைத்தட்டுகள் மறுபதிப்பாகின. 2016 இல் அவரைப் பற்றிய ஆவணப்படமும் வந்தது. காலம் கடந்த கவனம்தான். எனினும், ஓசை மாறுவது கலைஞன் தடுமாறுவதால் மட்டுமன்று, உள்ளே வளர்வதாலும் என்பதை அவ்வரிசை தெளிவாகக் காட்டுகிறது. சந்தை கேட்ட திசைக்கு அவர் திரும்பவில்லை. அதன் விலையையும் அவரே கொடுத்தார்.

அந்த மாணவன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். விடுமுறையில் வந்தவனிடம், "எல்லாத்தையும் கேட்டன், தம்பி" என்றேன்.

"எது பிடிச்சது, சேர்?"

"மூன்றாவது."

அவன் சிரித்தான். "நான் அண்டைக்குத் தந்ததும் அதிலயிருந்துதான், சேர்."