யந்திர மூளையும் மதுரை வாலிபரும்

மதுரைக்குக் கிழக்கே இலந்தைக்குளத்திலும் மேற்கே வடபழஞ்சியிலும் எல்காட் ஸ்தாபனம் அமைத்துள்ள தகவல் தொழில்நுட்பப் பேட்டைகளுக்குக் காலையில் போய் இரவில் திரும்பும் வாலிபர்களிலே, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் அவர்களில் அநேகர். நிலத்தை ஈடு வைத்துப் படிக்கவைத்த தகப்பனாருக்குப் பிள்ளையின் முதல் மாதச் சம்பளம் என்ன அர்த்தமுடையது என்பதை நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அந்த முதல் மாதச் சம்பளத்துக்குத்தான் இன்று ஒரு கேள்வி பிறந்திருக்கிறது.

ஏ.ஐ. என்று சுருக்கமாக வழங்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மென்பொருள் எழுதும் வேலைக்குள் புகுந்துவிட்டன. 2021-ல் கிட்ஹப் கம்பெனியார் 'கோபைலட்' என்னும் துணைக் கருவியைப் பரீட்சார்த்தமாக வெளியிட்டார்கள். மறு வருஷம் அது விற்பனைக்கு வந்தது. அப்பொழுது அது, எழுதுகிறவன் தொடங்கிய வரியை முடித்துக் கொடுக்கும் குமாஸ்தாவைப் போலிருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி தோன்றியபின் வேகம் கூடிற்று. இன்றைய கருவிகளிடம் "இந்தப் பிழையைத் திருத்து" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவை பழைய நிரல் முழுவதையும் புரட்டிப் பார்த்து, பத்து இடங்களில் மாறுதல் செய்து, சோதனையும் நடத்திவிட்டு, வேலை முடிந்தது என்று வந்து நிற்கின்றன.

இதை வேண்டாமென்று தள்ளுவது நமது கட்சியன்று. பதினைந்து வருஷத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டு விலகிப்போன நிரலைப் படித்துப் பொருள் சொல்வது, சலிப்பூட்டும் சோதனைகளை எழுதுவது, ஒருவரும் எழுத விரும்பாத விளக்கக் குறிப்புகளைத் தயாரிப்பது ஆகிய காரியங்களில் இக்கருவிகள் மெய்யாகவே உதவுகின்றன. ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருக்கும் ஒருவன் ஏழு மணிக்கு வீடு திரும்ப முடிந்தால் அதற்காக யார் வருத்தப்படுவார்கள்?

ஆனால் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்ற பிரசாரத்தை அப்படியே விழுங்குவதற்கில்லை. 'மெட்ர்' என்ற அமெரிக்க ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2025-ல் ஒரு பரீட்சை நடத்தினார்கள். தேர்ந்த நிபுணர்கள் 16 பேர், வேலைகள் 246. சில வேலைகளைக் கருவியோடும் சிலவற்றைக் கருவியின்றியும் செய்யச் சொன்னார்கள். கருவியினால் நேரம் 24 சதவிகிதம் மிச்சமாகும் என்று அந்நிபுணர்கள் முன்கூட்டியே மதிப்பிட்டார்கள். முடித்த பிறகு, 20 சதவிகிதம் மிச்சமாயிற்று என்று சொன்னார்கள். கடிகாரமோ 19 சதவிகிதம் அதிகமாகச் செலவானதாகக் காட்டிற்று! கருவிகள் அதன்பின் எவ்வளவோ தேர்ந்திருக்கின்றன. அந்தக் கணக்கை இன்றைக்கு அப்படியே பொருத்துவது நியாயமாகாது. எனினும், தேர்ந்த மனிதனே தன் வேகத்தைப் பற்றி இவ்வளவு ஏமாறுவானேயானால், நிர்வாகிகளின் உற்சாக அறிக்கைகளைச் சற்று நிதானமாகவே படிக்கவேண்டும்.

யந்திரத்தின் பிழையில் ஒரு விசேஷமுண்டு. அது பிழையைப்போல் தோன்றுவதில்லை. புதிதாக வேலைக்கு வந்த பையன் தவறு செய்தால் அது கோணலாக நின்று கண்ணில் படும். யந்திரம் எழுதும் நிரலோ மிகவும் ஒழுங்காக, இலக்கண சுத்தமாக இருக்கும்; உள்ளே பிப்ரவரி 29-ந் தேதியை மறந்த வட்டிக் கணக்கு ஒளிந்திருக்கும். உலகத்திலேயே இல்லாத ஒரு துணைத் தொகுப்பின் பெயரைக் கூசாமல் எழுதி வைக்கும். 2025 ஜூலையில் ரெப்ளிட் கம்பெனியாரின் கருவி, எதையும் மாற்றாதே என்று உத்தரவிட்டிருந்தும், ஒரு வாடிக்கைக்காரரின் தரவுகளை அழித்துவிட்டது; கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இரகசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் சாம்ஸங் கம்பெனி ஊழியர்கள் தங்கள் உள்நாட்டு நிரலைச் சாட்ஜிபிடியில் இட்டுவிட, அக்கம்பெனியார் அத்தகைய கருவிகளின் உபயோகத்தையே தடுக்கும்படியாயிற்று.

ஆகையால் யந்திரம் எழுதியதை ஒரு மனிதன் வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. இத்தொழிலில் இதை 'ரிவியூ' என்கிறார்கள். இன்று அதைச் செய்ய ஆள் இருக்கிறது. பத்து வருஷங்களாகக் கைப்பட எழுதி, தவறி, திட்டு வாங்கித் தேறியவர்கள் அவர்கள். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் சிட்டை எழுதப் பழகிய பையன்தானே பின்னாளில் பேரேட்டைப் புரட்டிய மாத்திரத்தில் பிசகு இன்ன பக்கத்தில் என்று சொல்லும் கணக்கப்பிள்ளை ஆனான்? சிட்டை எழுதாமல் நேரே பேரேட்டுக்கு வந்த கணக்கப்பிள்ளையை நாம் கண்டதில்லை. இப்பொழுது சிட்டை எழுதும் வேலையைத்தான் யந்திரம் எடுத்துக்கொள்கிறது. சிறு பிழை திருத்தம், சில்லறைச் சோதனை, படிவ மாறுதல் எல்லாம் புதியவன் கை பழகும் வேலைகள். அவை யந்திரத்துக்குப் போனபின், "பிரெஷர் எதற்கு?" என்று முதலாளி கேட்கத் தொடங்குகிறார்.

இது வெறும் பயமன்று. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, 22 முதல் 25 வயதுக்குட்பட்ட மென்பொருள் ஊழியர்களின் தொகை, 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து 2025 ஜூலைக்குள் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்துவிட்டது. வயதில் மூத்தோருக்கு அந்தக் கதி நேரவில்லை. வட்டி உயர்வு முதலிய வேறு காரணங்களும் உண்டென்று வாதிப்போர் இருக்கிறார்கள், இருக்கட்டும். இலந்தைக்குளத்தில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி அந்நாட்டு வாடிக்கைக்காரர்களுக்காகச் செய்யப்படுவதால், அங்கே அடிக்கும் காற்று இங்கே வீசாமலிராது.

யந்திரத்தைப் பற்றிய பேச்சு மதுரைக்குப் புதிதன்று. 1921 செப்டம்பர் 22-ந் தேதி மேலமாசி வீதி வீடொன்றில்தான் மகாத்மா காந்தி முழ வேஷ்டிக்கு மாறினார். ஆலை யந்திரத்தைக் கடிந்த அவரே, 1924-ல் ஒரு மாணவர் கேட்டபோது, ஸிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவியின் சலிப்பான தையல் வேலையைக் குறைக்க ஒருவன் அன்பினால் செய்த கருவி என்பது அவர் சொன்ன காரணம். யாருடைய உழைப்பை இது லேசாக்குகிறது, யாருடைய கையை வெறுங்கையாக்குகிறது என்று அவர் பார்த்த பார்வை இங்கும் பயன்படும். இக்கருவிகளில் பெரும்பாலானவை அந்நிய முதலாளிகளுடையவை; மாதாமாதம் டாலரில் வாடகை கட்டுகிறோம். இந்திய சர்க்கார் 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது நல்லதே. ஆனால் சுதேசி யந்திரம் வந்தாலும் பழகாத வாலிபனுக்கு அதனால் வேலை கிடைத்துவிடாது.

பழக்கிக் கொடுக்க நம்மவர்களுக்குத் தெரியாததன்று. பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்துத் தொழில் பழக்கும் 'டெக்பீ' திட்டத்தை எச்.சி.எல். கம்பெனியார் நடத்தி வந்திருக்கிறார்கள். ஜோஹோ கம்பெனியார் காலேஜ் பட்டம் கேளாமலே பள்ளி வைத்துப் பிள்ளைகளைத் தயார் செய்தார்கள். இந்த ஏற்பாடுகளில் சிறிது மாறுதல் வேண்டும். முதல் ஆறு மாதம் புதியவன் தன் கையால் எழுதட்டும். பிறகு அதே வேலையை யந்திரத்திடம் கொடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். யந்திரம் எழுதியதை அவன் ஏற்றுக்கொண்டால், ஏன் ஏற்றான் என்று மூத்தவர் முன் வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்லத் தெரியாத வரியைச் சேர்க்கலாகாது. மூத்தவருக்கும் இதற்கென்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, அதையும் வேலைக் கணக்கிலே சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் பாவம், தாமே யந்திரத்தோடு சேர்ந்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

கம்பெனிகள் இதைத் தாமாகச் செய்யும் என்று எதிர்பார்ப்பது அதிகம். மூன்று மாதக் கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பத்து வருஷத்துச் செலவு கண்ணில் படாது. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பொதுப்பணத்தில் எழும் அக்கட்டிடத்தில் இடம் கேட்டு வரும் ஒவ்வொரு கம்பெனியையும், எத்தனை சதுர அடி வேண்டும் என்று கேட்கும் அதே தாளில், வருஷத்துக்கு எத்தனை புதியவர்களை எடுத்துப் பழக்குவீர்கள் என்றும் சர்க்கார் எழுதி வாங்கட்டும்.